ஏவலும் தருபொருளும்

செய்நிரல் ஒன்றுக்கு வேண்டிய செய்தியை அதனிடம் சேர்ப்பிக்கும் வழிகள் பல. அவற்றுள் இரண்டை முதற்கண் நோக்குவோம். ஒன்று, செய்நிரல் இயங்கத் தொடங்கியபின் அது ஒவ்வொன்றாய் வினவ, நாம் ஒவ்வொன்றாய் விடையிறுப்பது. தபாற்கந்தோரிற் காசுக்கட்டளை அனுப்பச் சென்றவரை இலிகிதர், ‘யாருக்கு?’, ‘எவ்வூருக்கு?’, ‘எவ்வளவு?’ என்று அடுத்தடுத்துக் கேட்டல் போல்வது இது. மற்றையது, ஏவும்பொழுதே ஏவலோடு வேண்டியன யாவற்றையும் ஒரே வரியிற் சொல்லிவிடுவது. படிவத்தை முற்ற நிரப்பி வந்து, ஒரு சொல்லும் பேசாது நீட்டிவிட்டு நிற்பவரை இதற்கு ஒப்பிடலாம். இவ்விரண்டாம் வழியே ஈண்டு ஆராயப்படுவது.

கணினி நூலிற் தமிழாசிரியனுக்கு என்ன அலுவல் என்று வினவுவாரும் உளர். உயர்தர வகுப்பிற் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணாக்கர் சிலர் தம் ஐயங்களை என்னிடங் கொண்டு வந்தபொழுது யான் கண்டது ஒன்று: அவர்தம் இடர்ப்பாடுகளிற் பெரும்பகுதி கணிதத்தைப் பற்றியதன்று, இலக்கணத்தைப் பற்றியது. கட்டளை வரி என்பது ஒரு வாக்கியம். அதற்கு வினை உண்டு, செயப்படுபொருள் உண்டு, அடை உண்டு. சொற்கள் எங்கே பிரியும், எங்கே சேரும் என்னும் விதியும் உண்டு. அவ்விதி தெரியாதவன் பொருளை மாற்றிச் சொல்லுவான். கணினியோ சொன்னதைச் சொன்னவாறே செய்துவிடும்.

வினாவி விடை பெறும் முறை புதியவனுக்கு எளிது. அதனை யான் இகழவில்லை. ஆயின் ஒரு பழைய மலரின் முந்நூறு பக்கங்களைப் படமெடுத்து, அப்படங்கள் யாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செய்நிரல் முந்நூறு முறை வினவ, முந்நூறு முறை ஒருவர் விடை தட்டிக்கொண்டிருத்தல் எவருக்கும் ஆகாது. வேண்டியவற்றை ஏவலோடு சேர்த்துச் சொல்லக்கூடிய செய்நிரலாயின், அவ்வரியை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். திரும்பத் திரும்ப இயக்கலாம். பிறர்க்குக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம். இயக்கிவிட்டு விளக்கணைத்து உறங்கவுஞ் செல்லலாம். நேற்று யாது செய்தோம் என்பதற்கு அவ்வரியே சான்றாகவும் நிற்கும்.

இவ்வாறு ஏவலோடு தரப்படுவதனை ஆங்கிலத்தில் ‘ஆர்கியுமென்ற்’ என்பர். அகராதியைப் புரட்டி இதற்கு ‘வாதம்’ என்று பெயரிட்டாரும் உளர். இங்கு வாதிடுவார் எவருமிலர். அச்சொல்லின் இலத்தீன் வேர்க்குத் தெளிவித்தல் என்பது பொருள். வானநூலார் தம் அட்டவணைகளில் ஒரு பெறுமானத்தைக் கண்டறிதற்கு எந்தப் பெறுமானத்தைக் கொண்டு உட்புகுவரோ, அதனை இப்பெயரால் வழங்கினர். அவரிடமிருந்து கணிதருக்கும், கணிதரிடமிருந்து கணினியார்க்கும் அச்சொல் சென்றது. இக்கட்டுரையில் அதனைத் ‘தருபொருள்’ என்று வழங்குகின்றேன். இது வினைத்தொகை, தந்த பொருள், தருகின்ற பொருள், தரும் பொருள் என மூன்று காலமும் காட்டும். கோப்பில் எழுதி வைத்து நாளை இயக்கப்போகும் ஏவலுக்கும் இப்பெயர் பொருந்துதல் காண்க.

தருபொருளை மாற்றி மாற்றி ஒரே ஏவற்கூட்டத்தைப் பன்முறை இயக்கும் ஏற்பாடு 1960களின் முற்பகுதியிற் தோன்றியது. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து வழங்கிய காலம் அது. அங்கு பணியாற்றிய லூயி பூசன் என்னும் பிரெஞ்சு நாட்டறிஞர் ‘ரன்கொம்’ என்பதனை இயற்றினார். ஏவலை வாங்கி ஏற்ற செய்நிரலிடம் ஒப்புவிக்கும் இடைநிலைச் செய்நிரலுக்கு ‘ஷெல்’, அஃதாவது ஓடு, என்னும் பெயரை இட்டவரும் அவரே. (ஓடு என்பது தமிழிற் பெயராகவும் நிற்கும், ஏவல் வினையாகவும் நிற்கும். இத்துணைப் பொருத்தம் மொழிபெயர்ப்பில் அடிக்கடி வாய்ப்பதில்லை.) 1969 இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இம்முறையைத் தன் உயிர்நிலையாகக் கொண்டது. இன்று நம் மாணாக்கர் பயன்படுத்தும் லினக்ஸ் அவ்வழி வந்தது.

இனி வரும் ஏவற்பெயர்கள் ஆங்கில விசைகளாற் தட்டப்படுவன. ஒலிக்குமாறே தமிழில் எழுதுகின்றேன். ‘சீப்பி’ பிரதி செய்வது, ‘ஆரெம்’ அழிப்பது, ‘எக்கோ’ சொன்னதைத் திருப்பிச் சொல்வது. ஏவற்பெயர் என்பது பெரும்பாலும் ஒரு கோப்பின் பெயரேயாதலால், நாமே எழுதும் ஏவலுக்குத் தமிழிற் பெயரிடத் தடையில்லை. லினக்ஸ் அதனை ஏற்று இயக்கும்.

முதலில் வேற்றுமையை நோக்குவோம்.

சீப்பி மலர் நகல்

என்னும் வரி, ‘மலரை நகலுக்குப் பிரதி செய்க’ என்று பொருள்படும். தமிழில் ‘ஐ’ உருபும் ‘கு’ உருபும் எது செயப்படுபொருள், எது கொள்ளுமிடம் என்று காட்டிவிடுகின்றன. ஆதலின் ‘நகலுக்கு மலரைப் பிரதி செய்’ என்று சொற்களை மாற்றி வைத்தாலும் பொருள் மாறாது. ‘கண்ணனை முருகன் கண்டான்’, ‘முருகன் கண்ணனைக் கண்டான்’ என்பனவற்றை நாம் ஒன்றாகவே கொள்ளுகின்றோம். கட்டளை வரியிலோ உருபில்லை. உருபு செய்யும் தொழிலை இடமே செய்கின்றது. முன்னிற்பது எடுக்குமிடம், பின்னிற்பது கொள்ளுமிடம். இரண்டையும் மாற்றி எழுதினால், திருத்திய கோப்பின்மேற் திருத்தாத பழைய கோப்பு வந்து படியும். செய்நிரல் ஒரு முறையீடும் செய்யாது. தமிழ் மாணாக்கன் இவ்விடத்து இடறுதற்கு அவன் தாய்மொழியின் வளமே ஒரு காரணம் என்பது என் துணிபு.

உருபு போன்ற குறியைச் சொல்லோடு சேர்த்து வழங்கும் ஏவலும் ஒன்றுண்டு. ‘டீடீ’ என்பது அதன் பெயர். அதில் எடுக்குமிடத்தின் முன்னும் கொள்ளுமிடத்தின் முன்னும் தனித்தனி எழுத்துக்குறியும் சமக்குறியும் இடவேண்டும். இட்டபின் எது முன்வரினும் குற்றமில்லை.

அடைகளைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. ‘விரைவாக எழுது’ என்பதில் ‘விரைவாக’ என்பது போல, வினை நிகழும் முறையைச் சொல்லும் தருபொருள்கள் சில உள. அவற்றை ஏனையவற்றினின்றும் வேறுபடுத்தற்கு முன்னே ஒரு சிறு கோடு இடுவர். ஆரெம் என்னும் ஏவலோடு ‘-ஆர்’ என்பதைச் சேர்த்தால், ஒரு கோப்புறையையும் அதனகத்துள்ள யாவற்றையும் ஒருங்கே அழி என்றாகும். நெடும்பெயர் கொண்ட அடைக்கு முன் இருகோடு இடுதல் பிற்கால வழக்கு. பெயரின்றி ‘--’ என இருகோடு மட்டும் தனித்து நிற்பின், ‘அடைகள் முடிந்தன, இனி வருவன யாவும் பொருட்பெயர்களே’ என்பது கருத்து. கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பை அழிக்க வேண்டியவனுக்கு இக்குறி உயிர்த்துணை.

நிற்க. இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருவோம். நாம் தட்டிய வரி தட்டியவாறே செய்நிரலைச் சென்றடைவதில்லை. இடையில் ஓடு நின்று அதனை வாங்கி, இடைவெளி கண்ட இடந்தோறும் துண்டித்து, துண்டுகளை வரிசைப்படுத்தி, அவ்வரிசையையே செய்நிரலிடம் கொடுக்கின்றது. செய்நிரல் காண்பது நம் வாக்கியத்தை அன்று. ஓடு பதம் பிரித்த சொற்களையே. பிரிப்புப் பிழைத்தபின் செய்நிரல் எத்துணைச் சிறந்ததாயினும் நம் கருத்தை அறிதற்கு வழியில்லை.

பதப்பிரிப்பு நமக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளிற் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பிரித்தறிதல் படிப்போன் கடன். அச்சு நூல்களிற் பதம் பிரித்தும் குறியீடுகள் இட்டும் உரைநடையை யாவரும் படிக்கத்தக்கதாக்கியோருள் முன்னிற்பவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதை நம் கல்லூரி மாணாக்கர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘தாமரை’ என்பதனைப் பிரியாது வைத்தால் ஒரு பூ. ‘தா மரை’ என்று பிரித்தால் தாவுகின்ற மான். இலக்கண நூலார் இதனைப் பொதுமொழி என்பர். படிப்போன் இடம் நோக்கி எப்பொருள் ஏற்கும் என்று துணிவான். ஓட்டுக்கு அத்தகைய துணிபு கிடையாது. இடைவெளி இருந்தால் இரண்டு, இல்லையேல் ஒன்று. அவ்வளவே அதன் இலக்கணம்.

இடைவெளியுள்ள பெயர் ஒரே சொல்லாக நிற்க வேண்டுமாயின் அதனை மேற்கோட்குறிக்குள் அடைக்க வேண்டும். "தா மரை" என்று தட்டினால் ஓடு அதனை ஒரே தருபொருளாகக் கொள்ளும். குறிகளைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளிருப்பதை மட்டும் செய்நிரலுக்கு அனுப்பும். நூலைப் படிப்பித்து மேற்கோட்குறி பிறர் கூற்றைக் காட்டுவது என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்கின்றோம். இங்கு அது வேலி.

இவ்வேலியின்றி எழுதியதனால் விளையக்கூடிய கேட்டை ஓர் உதாரணத்தால் விளக்குகின்றேன். மலரொன்றைப் பதிப்பிப்பவர் தம் கணினியில் இரண்டு கோப்புறைகள் வைத்திருக்கின்றார். ஒன்றன் பெயர் ‘மலர்’. திருத்தி முடித்த கட்டுரைகளும் பழைய படங்களும் அதனுள் இருக்கின்றன. மற்றையதன் பெயர் ‘மலர் பழையது’. திருத்தாத முற்படிகள் அதனுள் இருக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்பும் முன்னிரவு, வேண்டாததை நீக்கிவிடுவோம் என்றெண்ணி அவர் தட்டுகின்றார்:

ஆரெம் -ஆர் மலர் பழையது

ஓடு இவ்வரியை இடைவெளி கண்ட இடந்தோறும் பிரிக்கின்றது. ஆரெம் பெறுவது ‘மலர்’ என ஒரு பெயரும் ‘பழையது’ என மற்றொரு பெயரும். முதலாவதை அது முற்றாக அழிக்கின்றது. இரண்டாவதைத் தேடி, ‘பழையது என்று ஒன்று இங்கில்லை’ என்று முறையிடுகின்றது. ஈற்றில் அழிய வேண்டியது அப்படியே இருக்கின்றது. இருக்க வேண்டியது ஒழிந்தது. திரையிற் தெரியும் ஒரேயொரு முறையீடோ, ஒன்றும் அழியவில்லைப் போலும் என்று எண்ணச் செய்கின்றது. சன்னல்களும் படங்களும் கொண்ட முறையில் அழித்தால், அழிந்தது சில நாட் கழிவுக்கூடையிற் கிடக்கும். ஆரெம் அழித்தது அங்குச் செல்வதில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட ஒரு நாட்டில் வாழும் நமக்கு, ஒற்றைப் பிரதியாய் எஞ்சிய ஏடு ஒழிதல் என்பது இன்னதென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று வீடுகளிற் கிடந்த பழைய மலர்களையும் சிறு பத்திரிகைகளையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகின்றோம். அப்படங்களைத் தொகுத்தும் பெயரிட்டும் நகலெடுத்தும் வைப்பவை இத்தகைய ஏவல் வரிகளே. ஆதலின் மேற்கோட்குறியை அச்சுத் திருத்துவோரின் சில்லறைக் கவலை என்று கருதற்க.

தேர்ந்தோரும் இதில் இடறியதுண்டு. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐரியூன்ஸ் 2 என்னும் செய்நிரலை நிறுவும் ஏவற்றொகுப்பில் ஒரு பெயர் மேற்கோட்குறியின்றி எழுதப்பட்டிருந்தது. வட்டுப் பகுதியின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கணினிகளில் அத்தொகுப்பு, பழைய செய்நிரலை நீக்குவதற்குப் பதிலாக வட்டுப் பகுதியையே வெறிதாக்கியது. நிறுவனம் அதனை உடனே மீட்டுக்கொண்டு, திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2011 இல் ‘பம்பிள்பீ’ என்னும் லினக்ஸ் செய்நிரலின் நிறுவற்றொகுப்பில் நிகழ்ந்தது இதனினும் சிறிய பிழை. ஆழத்திலுள்ள ஓர் உட்கோப்புறையை அழிக்க எழுதிய பெயரின் நடுவே, தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அவ்விடைவெளிக்கு முன்னிருந்த துண்டு, லினக்ஸின் செய்நிரல்கள் பலவும் தங்கியிருக்கும் முதன்மைக் கோப்புறையின் பெயராயிற்று. ஒரு விசையைத் தட்டிய அளவில் நேர்ந்தது அது.

ஓடு பதம் பிரிப்பதோடு நில்லாது, சில குறிகளை விரித்தும் கொடுக்கும். ‘*’ என்னும் விண்மீன்குறி தனித்து நின்றால், அக்கோப்புறையிலுள்ள கோப்புகளின் பெயர்கள் யாவற்றையும் அவ்விடத்தில் வைத்து அனுப்பும். செய்நிரல் விண்மீனைக் காண்பதேயில்லை. வந்த பெயர்களுள் ஒன்று கோட்டில் தொடங்குமாயின், செய்நிரல் அதனை அடை என்று மயங்கும். முன்னர்ச் சொன்ன இருகோடு இங்கும் காக்கும். வின்டோஸ் முறைமை இதில் வேறுபட்டது. அங்கு முறைமை முழு வரியையும் ஒரே சரமாகச் செய்நிரலிடம் கொடுத்துவிட, செய்நிரலே அதனைப் பிரித்துக்கொள்ளுகின்றது. ஆதலின் ஒரு செய்நிரல் பிரிப்பது போல் மற்றொன்று பிரிக்கும் என்று அங்கு உறுதி கூற இயலாது.

இனி, தருபொருளைப் பெறும் பக்கத்தில் நின்று பார்ப்போம். சங்கத்துச் சந்தாப் பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதும் சிறு ஏவற்றொகுப்பொன்றை ஆக்குவோம். ‘பற்றுச்சீட்டு’ என்னும் பெயரில் ஒரு கோப்பைத் தொடங்கி, அதில் எழுதுக:

எக்கோ "$2 அவர்களிடமிருந்து ரூபா $1 பெற்றுக்கொண்டோம்"

இக்கோப்பை இயக்கத்தக்கதாக்கி, ‘பற்றுச்சீட்டு 500 கந்தையா’ என்று ஏவினால், ‘கந்தையா அவர்களிடமிருந்து ரூபா 500 பெற்றுக்கொண்டோம்’ என்று விடை வரும். $1 என்பது முதலாந் தருபொருள், $2 இரண்டாவது, $0 என்பது ஏவற்பெயர் தானே. $# என்பது தருபொருள்களின் தொகை. ‘பற்றுச்சீட்டு 500 கந்தையா வாத்தியார்’ என்று தட்டினால், வாத்தியார் மூன்றாந் தருபொருளாய் ஒதுங்கிவிடக் கந்தையா மட்டும் சீட்டில் வருவார். "கந்தையா வாத்தியார்" என்று வேலியிட்டால் உரிய மரியாதையோடு முழுப்பெயரும் வரும். எக்கோவின் பின் இரட்டை மேற்கோட்குறிக்குப் பதிலாக ஒற்றை மேற்கோட்குறி இட்டுப் பார்க்க: அப்பொழுது $1 விரியாது, எழுதியவாறே சீட்டில் நிற்கும். இரட்டைக் குறி சொல்லைக் காத்துப் பொருளை விரிக்கவிடும். ஒற்றைக் குறி எதனையும் தொடவிடாது.

ஒரு தொகுப்புத் தான் பெற்றவற்றை மற்றொரு செய்நிரலுக்குக் கைமாற்றும்பொழுது மீண்டும் ஆபத்து நேரும். பெற்றவை யாவற்றையும் குறிப்பது $@. அதனை வறிதே எழுதினால், முன்னர் வேலியிட்டுக் காத்த பெயர்கள் இவ்விடத்தில் மறுபடி துண்டாகும். "$@" என்று எழுதினால் ஒவ்வொன்றும் பெற்றவாறே செல்லும். ஏவுவோன் முதலிற் செவ்வையாக எழுதியும் பயன் கெடுவது பெரும்பாலும் இத்தகைய கைமாற்றத்திலேதான்.

பற்றுச்சீட்டுக்கு ஒரு தருபொருள் குறைந்தால் யாது செய்வது? எழுதிய தொகுப்பு வாளா இருந்து, பெயரில்லாத சீட்டொன்றை அச்சிடும். நல்ல செய்நிரல் தொழிலைத் தொடங்குமுன் $# ஐ நோக்கி, இரண்டு இல்லையேல் ‘தொகையும் பெயரும் தருக’ என்று சொல்லி நின்றுவிட வேண்டும். அவ்வாறு நிற்கும்பொழுது சுழியல்லாத ஒரு முடிவெண்ணையும் விட்டுச் செல்லுதல் யூனிக்ஸ் மரபு. அதனைக் கண்டு, அடுத்து வரும் ஏவல் தானும் நிற்கலாம்.

சீ மொழியில் இவ்வரிசை ‘ஆர்க்வி’ என்னும் பெயராலும், தொகை ‘ஆர்க்சி’ என்னும் பெயராலும் செய்நிரலுக்குக் கிடைக்கின்றன. கேணிகனும் றிச்சியும் எழுதி 1978 இல் வெளிவந்த சீ மொழி நூலில் இதனை விளக்க எடுத்துக்கொண்ட முதல் உதாரணம் எக்கோவே. வரிசையின் சுழியிடத்து நிற்பது செய்நிரலின் சொந்தப் பெயர். தன்னை எப்பெயரால் அழைத்தனர் என்று பார்த்து அதற்கேற்ப நடக்கும் செய்நிரலும் உண்டு. ‘பிசிபொக்ஸ்’ என்னும் ஒரே செய்நிரல், அழைத்த பெயருக்கேற்பச் சீப்பியாகவும் ஆரெமாகவும் தொழில் செய்யும்.

பைதன் மொழியிலும் ‘ஆர்க்வி’ என்னும் வரிசை உண்டு. அங்கு நம் மாணாக்கர் பெரிதும் மயங்குவது எண்ணிலே. தருபொருள் எதுவாயினும் அது எழுத்துச் சரமாகவே வந்து சேரும். 25, 17 என இரண்டைத் தந்து செய்நிரலுக்குள் கூட்டினால் விடை 42 அன்று, 2517. கூட்டற்குறி எழுத்துச் சரங்களைப் புணர்த்திவிட்டது. முதலில் அவற்றை எண்ணாக மாற்றுதல் வேண்டும். மாற்றும் பைதன் சார்பு தமிழிலக்கங்களையும் அறியும் என்பது மகிழத்தக்கது: ‘௨௫’ என்று தந்தால் அதனை இருபத்தைந்தாகவே கொள்ளும். ஆயின் நம் முன்னோர் எழுதியவாறு பத்தின் குறியை இடையிட்டு ‘௨௰௫’ என்று தந்தால் ஏலாது என்று நிறுத்திவிடும். இடமதிப்பு முறையில் எழுதிய இலக்கம் மட்டுமே அதற்கு எண்.

தமிழிற் தருபொருள் தருவோர் அறியவேண்டிய நுட்பம் இன்னும் ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. வழக்கமான குறியேற்ற முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்று வீதம் பதினைந்து பைற்று. லினக்ஸில் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைற்றுக்கு மேற்படலாகாது. அஃதாவது 85 தமிழ்க் குறிகளே இடங்கொள்ளும். கட்டுரைத் தலைப்பை முழுமையாகக் கோப்புக்குப் பெயரிடும் பழக்கமுடையோர் இதனை விரைவில் அறிந்துகொள்வர்.

இதனினும் கரவானது ஒகரக் குறி. ‘கொடி’ என்னும் சொல்லின் முதலெழுத்தைக் ககரமும் ஒற்றை ஒகரக்குறியுமாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணாற் பிரித்தறிதல் அரிது. லினக்ஸ் பெயர்களைப் பைற்று பைற்றாக ஒப்பிடுவதாதலால், ஒருவகையிற் பெயரிட்ட கோப்பை மறுவகையில் தட்டித் தேடினால் ‘இல்லை’ என்னும். கோப்பு கண்முன்னே நிற்கவும் கிடைக்கவில்லை என்று கலங்கும் மாணாக்கன் ஓகார ஔகார எழுத்துகளையும் சேர்த்து ஐயுறுக. அத்தகைய பெயரைத் தட்டாது, முதலிரண்டு எழுத்தும் விண்மீன்குறியும் இட்டு ஓட்டையே நிரப்பச் செய்தல் எளிய பரிகாரம்; முதலெழுத்தே ஐயத்துக்குரியதாயின் விண்மீனை முன்னே இடுக.

தருபொருளாகத் தரலாகாதனவும் உள. கடவுச்சொல் அவற்றுள் முதன்மையானது. பலர் பகிரும் லினக்ஸ் கணினியில், இயங்குஞ் செய்நிரல்களைப் பட்டியலிடும் ஏவல் அவற்றின் தருபொருள்களையும் காட்டும்; வேறு கட்டுப்பாடு விதிக்காதவிடத்து, அயலில் இருப்பவன் அதனைப் படிக்கலாம். ஓடு தன் ஏவல் வரலாற்றிலும் அதனை எழுதி வைத்துக்கொள்ளும். கூடத்தின் நடுவே நின்று பெட்டகத் திறப்பு வைத்த இடத்தைக் கூவிச் சொல்வது இது. கடவுச்சொல்லைச் செய்நிரல் வினவ, மறைவாகத் தட்டுவதே தக்கது. தொடக்கத்திற் சொன்ன முதலாம் வழி இங்கு மேலானது. மிக நீண்டதும் ஆகாது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஒரு தனித் தருபொருள் 131,072 பைற்றைத் தாண்டலாகாது. ஒரு புராணத்தை முழுவதும் வரியில் ஏற்ற எண்ணுவோர், அதனைக் கோப்பில் வைத்து அக்கோப்பின் பெயரைத் தருபொருளாகத் தருக.

மாணாக்கர் தாமே செய்து பார்த்தற்கு ஒரு பயிற்சி. ‘காட்டு’ என்னும் பெயரில் ஒரு தொகுப்பு எழுதுக. அது தான் பெற்ற தருபொருள்களின் தொகையை முதல் வரியிலும், பின்னர் ஒவ்வொன்றையும் சதுர அடைப்புக்குள் தனித்தனி வரியிலும் அச்சிடுதல் வேண்டும். அதனைத் தாமரை என்று ஒருமுறையும், தா மரை என்று ஒருமுறையும், "தா மரை" என்று ஒருமுறையும் ஏவி, விடைகளை ஒப்பிடுக. பின்னர் விண்மீன்குறியை வேலியோடும் வேலியின்றியும் தந்து பார்க்க. ஈற்றில் உள்ளீடொன்றுமில்லாத "" என்பதைத் தந்து, வெறுமையையும் ஒரு தருபொருளாக ஓடு எண்ணுகின்றதா இல்லையா என்பதை முதல் வரியிற் காண்க.